மக்காவில் ஒரு நல்ல அறை

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர் வசதியான ஹோட்டலில் தங்கினால், ‘இபாதத்துக்குப் போனாரா, சொகுசுக்குப் போனாரா?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. தவாஃப் ஏழு சுற்று முடித்து, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் அதுவே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். மூட்டுவலியோடு அதை முடித்துவரும் மூதாட்டிக்கு ஓடுகிற லிஃப்டும், கட்டிலிலிருந்து நாலு எட்டில் கழிப்பறையும் சொகுசா? ஓய்வில்லாமை உயிரையே பறிக்கலாம்: 2024 ஹஜ்ஜில் வெயில் 50 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்தார்கள். அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதியின்றி வந்து, நிழலோ ஓய்வோ இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசே அறிவித்தது.

கஷ்டப்பட்டால்தானே நன்மை என்பார்கள். ஆனால் நடந்தே போவதாக நேர்ந்துகொண்டு, இரு மகன்கள் தாங்கிப் பிடிக்கத் தள்ளாடி வந்த முதியவரை வாகனத்தில் ஏறச் சொன்னார்கள் நபி (ஸல்), புகாரியில் இருக்கிறது. ஹரமை ஒட்டிய கோபுரங்கள் காசுள்ளவருக்கு, தொலைவிலுள்ள அஜீஸியா மற்றவருக்கு என்ற கோபம் மட்டும் நியாயமானது. ஆனால் அதற்காக முதியவர்களின் ஓய்வைக் குறை சொல்வதில் பயனில்லை. தூரத்தில் தங்குவோருக்கும் நேரத்துக்குப் பஸ் வேண்டும் என்று கேட்பதே முறை.

பெற்றோரை அனுப்புகிறவர்களே, ஏஜென்ஸியிடம் எத்தனை நட்சத்திரம் என்று கேட்காதீர்கள். ஹரம் வாசலுக்கு எத்தனை மீட்டர், வழியில் ஏற்றம் உண்டா, ஓர் அறையில் எத்தனை பேர் என்று எழுத்தில் வாங்குங்கள்.