வலையும் தூண்டிலும்

நற்செய்தி நூல்களில் மீன்பிடிப்பு பற்றிய செய்திகள் பல உண்டு. இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத சீமோன், தந்தையுடன் வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த செபதேயுவின் மக்கள், உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருந்த விடியற்காலை ஆகிய எல்லாவற்றிலும் நாம் காண்பது வலையே. தூண்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. கோவில் வரி கேட்டவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கடலில் தூண்டில் போடுமாறு பேதுருவை ஆண்டவர் அனுப்பும் இடம் அது (மத்தேயு 17). அங்கே மீனின் வாயில் கிடைத்தது நாணயம். மனிதரைப் பிடிப்பவராகும் அழைப்போ வலை வீசியவர்களுக்கு, வலைகளின் அருகிலேயே தரப்பட்டது.

குருமடத்தில் விவிலியம் பயின்ற நாள்களில் இந்த வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. அதன் பொருளை ஆழ்ந்து எண்ணும் வாய்ப்பு, பல ஆண்டுகளுக்குப் பின், வட அமெரிக்கப் பேரேரிகளில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு சிறு படகில் கிடைத்தது.

கோடை விடுப்பில் செல்லும் பங்குத்தந்தையருக்குப் பதிலாகப் பணியாற்ற, மிச்சிகன் மாநிலத்துப் பங்கு ஒன்றுக்கு இரண்டு முறை சென்றிருந்தேன். அங்கிருந்த முதியவர் ஒருவர், கார்த் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், 22 அடி நீளமுள்ள தம் சொந்தப் படகில் என்னை அழைத்துச் சென்றார். மிச்சிகன் ஏரியை ஏரி என்று சொல்ல நம் நாவு கூசும். 58,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. அதாவது தமிழ்நாட்டின் பாதிக்குச் சற்றே குறைவு. மிக ஆழமான இடத்தில் 923 அடி. எதிர்க்கரை தெரியாது. அலை உண்டு, புயல் உண்டு, மூழ்கிய கப்பல்களும் உண்டு. உப்பு மட்டும் இல்லை.

அங்குள்ளோர் செய்யும் மீன்பிடிப்புக்கு 'டிரோலிங்' என்று பெயர். நம் கரையில் 'டிராலர்' என்றால் இழுவைமடி போடும் விசைப்படகு. இரண்டும் ஒன்றல்ல. இங்கே வலையே கிடையாது. மெதுவாக ஓடும் படகின் பின்னே தூண்டில்களை இழுத்துச் செல்வதே இம்முறை. நம் மீனவரும் சீலாவையும் சூரையையும் இவ்வாறு பிடிப்பதுண்டு. ஆனால் நம்மவருக்கு அது பிழைப்பு. அவர்களுக்கு ஓய்வு நாள் இன்பம். கடலை நம்பி வாழும் மக்களுக்குப் பணியாற்றிய எனக்கு, பணம் செலவழித்து மீன் பிடிக்கப் போவது முதலில் விந்தையாகத்தான் தோன்றியது.

லடிங்டன் துறையிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். வெளிச்சம் வரும்வரை அவர் தூண்டிலைத் தொடவில்லை. முதலில் ஏரியின் வெப்பத்தை ஆராய்ந்தார். கோடையில் மேல்நீர் சூடேறிவிடும். அதன் கீழே குளிர்ந்த நீர் தனி அடுக்காக நிற்கும். சால்மன் மீன் 10 முதல் 13 பாகை வரையிலான குளிர்ச்சியை விரும்பி அந்த எல்லையை ஒட்டியே திரியும். அந்த எல்லையோ ஒரே இடத்தில் நிற்பதில்லை. கரையிலிருந்து காற்று வீசினால் சூடான நீர் விலகி, குளிர்நீர் மேலே எழும்பும். நேற்று 40 அடியில் இருந்த மீன் இன்று 80 அடியில் இருக்கலாம். எனவே ஒவ்வொரு விடியலிலும் புதிதாகத் தேட வேண்டும்.

மேலே வீசிய தூண்டில் அந்த ஆழத்திற்குத் தானாக இறங்காது. படகின் பின்புறம் சிறு உருளை ஒன்றில் எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். அதன் நுனியில் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள ஈயக்குண்டு. தூண்டில் நூலை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் மாட்டி, குண்டை வேண்டிய ஆழத்திற்கு இறக்குகிறார்கள். மீன் கடித்து இழுத்ததும் கவ்வி விடுபடும். கோல் துள்ளி எழும். இதன்பின் வேகம். மணிக்கு 2 அல்லது 3 மைல். நாம் நடக்கும் நடைதான். அதற்கு மேல் ஓடினால் தூண்டிலின் ஆட்டம் கெட்டுப்போகும். குறைந்தால் அது உயிரற்றுத் தொங்கும்.

நூலின் நுனியில் இருப்பது இரையன்று. கரண்டி வடிவிலான மெல்லிய உலோகத் தகடு. வெள்ளியும் பச்சையும் பூசியது. வாலில் மூன்று முனையுள்ள முள். நீரில் அது புரளும்போது அடிபட்டுத் தடுமாறும் சிறுமீன் போலத் தோன்றும். பசித்த மீன் அதை நம்பிப் பாயும்.

அந்தச் சால்மனுக்கும் ஒரு வரலாறு உண்டு. பசிபிக் கரையைச் சேர்ந்த அது இந்த ஏரிக்கு அந்நியம். மனிதன் வெட்டிய கால்வாய்களின் வழியாகக் கடலின் லாம்ப்ரே என்னும் உறிஞ்சி 1936 அளவில் மிச்சிகன் ஏரிக்குள் வந்து, அங்கிருந்த பெரிய மீன்களின் உடலில் ஒட்டி அவற்றை அழித்தது. பெரிய மீன் அழிந்ததும், கடலிலிருந்து வந்த இன்னொரு விருந்தாளியான ஏல்வைஃப் என்னும் மத்தி போன்ற சிறுமீன் கட்டின்றிப் பெருகியது. 1967 கோடையில் அது கூட்டங்கூட்டமாகச் செத்து ஒதுங்கியதில் கடற்கரைகள் நாறின. இச்சிறுமீனை உண்பதற்கென்றே அரசினர் 1966இல் கோகோ இனச் சால்மனையும், 1967இல் சினூக் இனத்தையும் கொண்டுவந்து விட்டனர். அந்தச் சினூக் மூன்று நான்கு ஆண்டுகள் ஏரியில் வளர்ந்து, தான் புறப்பட்ட ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டு, இறந்துவிடுகிறது.

அடுத்த ஆண்டு அதே படகை வண்டியின் பின்னே கட்டி இழுத்துக்கொண்டு ஈரி ஏரிக்குச் சென்றோம். அங்கே தேடியது வால்ஐ என்னும் மீன். அதன் கண்ணின் உட்புறம் பூனைக்கண் போல ஒளியைத் திருப்பி வீசும்; மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் அது இரை தேட வல்லது. ஈரியின் மேற்குப் பகுதியில் சராசரி ஆழமே 24 அடிதான். அங்கே ஈயக்குண்டுக்கு வேலையில்லை. படகின் நிழலும் ஓசையும் மீனை விரட்டிவிடும் என்பதால், சிறு மிதவைப் பலகைகளைக் கொண்டு நூல்களைப் பக்கவாட்டில் தொலைவாக விரித்தோம். வேகமும் குறைவு. சில இடத்தில் ஆழத்துக்கு இறங்க வேண்டும். சில இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்று பெரியவர் விளக்கினார்.

அந்த ஏரியும் ஒருமுறை சாவின் வாசலைக் கண்டதே. ஆலைக் கழிவிலிருந்து வந்த பாதரசம் மீன்களில் கண்டறியப்பட்டு, 1970இல் அங்கே வால்ஐ மீனை வணிகத்திற்காகப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஏரிநீரின் தூய்மைக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. மீன் மீண்டும் பெருகியது. இன்று ஒகையோ மாநில நீரில் ஒருவர் ஒரு நாளில் 6 வால்ஐ வரைதான் வைத்துக்கொள்ளலாம். 15 அங்குலத்திற்குக் குறைந்ததை நீரிலேயே விட்டுவிட வேண்டும். பெரியவர் ஒவ்வொன்றையும் அளவுப்பலகையில் கிடத்திப் பார்த்தார். அரை அங்குலம் குறைந்த ஒன்றை, காண்பார் எவரும் இல்லாத நடு ஏரியிலும், ஈரக் கையால் தாங்கித் தண்ணீரில் விட்டார். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதிருப்பதும் இத்தகைய கட்டுப்பாடே. மீன்பிடி முறை என்ற அளவில், குஞ்சும் சினையும் பாராது அள்ளும் மடியைவிடத் தூண்டில் மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் சிந்தனை வேறோர் இடத்தைத் தொட்டது. அதற்குக் காரணம் முதல் ஆண்டில் லடிங்டன் அருகே அவர் சொன்ன செய்தி.

அன்று நான்கு மணி நேரம் ஒரு மீனும் கடிக்கவில்லை. படகில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை; இருவர் கண்ணும் கோல்நுனியில். பேசாதிருந்தாலும் குறையாகத் தோன்றாது. அந்த அமைதியில் அவர் தாமாகவே தொடங்கினார். சிறுவயதில் பீடப்பணி செய்தவர். ஆனால் கோவில் பக்கம் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னை அவருக்கு அறிமுகம் செய்தது அவருடைய தங்கை.

"ஃபாதர், என் மனைவி இருபது ஆண்டுகள் பாடகர் குழுவில் பாடினாள். அடக்கத்தன்று கோவில் நிறைந்திருந்தது. அதன்பின் மாதந்தோறும் அழைப்பிதழ்கள் வந்தன. விருந்து, குலுக்கல், திருவிழா, புதிய மண்டபத்திற்கு நன்கொடை. எல்லாம் வண்ண வண்ணத் தாளில். இரண்டு ஆண்டுகள் வந்தன. ஆள் ஒருவரும் வரவில்லை."

பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துப் பார்த்தார். "இதுவும் நன்றாக மின்னும்" என்று சொல்லி, பழையதை மாற்றிவிட்டு, மீண்டும் குண்டை இறக்கினார்.

அந்தப் பங்கின் சார்பாக நான் விளக்கம் எதுவும் கூறவில்லை. அவர் மனைவியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். என்ன பாட்டு விரும்பிப் பாடுவார் என்று கேட்டேன். அதையும் சொன்னார். பிறகு கரை திரும்பும்வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அன்றிரவு இறைவாக்கினர்களைத் திறந்தேன். தூண்டிலால் மனிதரைப் பிடிப்பது அவர்களிடம் எங்கும் நற்செய்தியாக இல்லை. ஏழையரை நசுக்கிய சமாரியச் செல்வப் பெண்டிர் முள்ளில் மாட்டி இழுக்கப்படுவர் என்பது ஆமோசின் எச்சரிக்கை (4:2). மக்களைத் தூண்டிலால் இழுத்து, வலையால் வாரி, அந்த வலைக்கே பலி செலுத்தும் கொடியவனைக் குறித்து அபக்கூக்கு இறைவனிடம் முறையிடுகிறார் (அதிகாரம் 1). திருச்சபைத் தந்தையருள் நீசா நகர் கிரகோரியார் ஓர் உருவகம் தருகிறார். கிறிஸ்துவின் மனிதத் தன்மை இரையாகவும், அதனுள் மறைந்த இறைத்தன்மை தூண்டிலாகவும் இருக்க, சாத்தான் அதை விழுங்கிச் சிக்கிக்கொண்டான் என்பது அவர் விளக்கம். இறையியலார் எல்லாரும் அதை ஏற்றதில்லை. ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கேயும் இரையில் மறைத்த முள் சாத்தானுக்கே வைக்கப்பட்டது, மனிதருக்கு அன்று.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சீமோனிடம் மனிதரைப் பிடிப்பது பற்றிக் கூறும்போது (5:10), கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு உயிரோடு பிடித்தல் என்று பொருள். வலையில் சிக்கிய மீனும் சாகத்தானே செய்கிறது என்று வாசகர் கேட்கலாம். அதனால்தான் நற்செய்தியாளர் அந்தச் சொல்லைத் தேர்ந்தார் போலும். ஒன்று மட்டும் தெளிவு: வலை எதையும் பொய்யாகக் காட்டி அழைப்பதில்லை. விண்ணரசின் வலை எல்லா வகை மீனையும் வாரிக்கொள்கிறது. தரம் பிரிப்பது முடிவில், அதுவும் நம் கையில் இல்லை (மத்தேயு 13).

இன்று நம் பங்குகளில் மின்னும் தகடுகள் குறைவா? மின்விளக்கு அலங்காரம், பல இலட்ச ரூபாய் வாணவேடிக்கை, நோய் உடனே நீங்கும் என்ற சுவரொட்டி, வேண்டியது கிடைக்கும் என்ற உறுதிமொழி. பசித்தவன் நம்பிப் பாய்கிறான். விழா ஆகாது என்று நான் சொல்லவில்லை. விழா மக்களின் உயிர்மூச்சு. ஆனால் விழா முடிந்த பின் அவன் வாயில் மிஞ்சுவது உணவா, உலோகமா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகட்டை விட்டுவிட்டு அந்தப் படகிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை இரண்டு உண்டு. ஒன்று ஆழம். மீன் மேலே வரட்டும் என்று எவரும் காத்திருப்பதில்லை. அது இன்று எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கே இறக்குகிறார்கள். இன்னொன்று வேகம். நம் அவசரத்திற்கு அன்று, நடக்கும் நடைக்கு.

லடிங்டனில் ஏரியோடு கலக்கும் ஆற்றுக்கு ஒரு குருவின் பெயர் வழங்குகிறது. 'தந்தை மார்க்கெத்' என்பதே அந்த ஆற்றின் பெயர். பிரான்சு நாட்டு இயேசு சபையாரான அவர், அங்கு வாழ்ந்த பூர்வகுடி மக்களின் மொழிகளைக் கற்று, அவர்களுடைய தோணியிலேயே பயணம் செய்து, 1675 மே மாதம் தம் 37ஆம் வயதில் அந்த ஏரிக்கரையில் உயிர் நீத்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அவர் பணியாற்றிய ஒத்தவா மக்கள் அவர் எலும்புகளைத் தேடி எடுத்து, தோணிகளில் ஏற்றி, புனித இஞ்ஞாசியார் பெயர் கொண்ட பணித்தளத்தில் அடக்கம் செய்தனர். தேடிச் சென்றவரை அம்மக்களும் தேடி வந்தார்கள்.

அந்தப் பெரியவர் கோவிலுக்குத் திரும்பினாரா? நான் அங்கிருந்தவரை ஒரே முறை வந்தார், மனைவியின் நினைவுத் திருப்பலிக்கு. கடைசி இருக்கையில் அமர்ந்தார். நற்கருணை வாங்கவில்லை. அவள் விரும்பிய பாட்டைப் பாடகர் குழு பாடியபோது எழுந்து நின்றார். அதற்கு மேல் ஆண்டவர் அறிவார்.

அன்பு வாசகர்களே, உங்கள் அன்பியத்தில் அடக்கம் முடிந்து ஓராண்டு ஆன வீடு ஒன்று இருக்கும். விழா அழைப்பிதழ் அந்த வீட்டிற்கும் போயிருக்கும். இம்மாதம் கையில் எந்தத் தாளும் இல்லாமல் அங்கே செல்லுங்கள். திண்ணையில் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.