டூப்ளிகேட் 7812

வீட்டுல ஆம்ப்ளிஃபையர் கட்டினவங்களா நீங்க? அப்போ அந்தச் சூட்டு வாசனை தெரிஞ்சிருக்கும். என்னோடது ரெண்டு டிடிஏ 2003 வச்ச குட்டி ஸ்டீரியோ. ரெண்டு பாட்டு பாடும், மூணாவதுல நின்னுடும். ஆறினா மறுபடி பாடும். பவர் சப்ளையில 7812 ரெகுலேட்டரைத் தொட்டா விரல் சுட்டுடும்.

மீஞ்சூர்ல லோக்கல் பிடிச்சு ரிச்சி ஸ்ட்ரீட் போய், "டூப்ளிகேட் குடுத்துட்டீங்கண்ணா"ன்னு கடையில கத்தினேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: "ட்ரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட் தம்பி?"

18.

திரும்பி வர்ற ட்ரெயின்ல கணக்குப் போட்டேன். எண்ணூர் தாண்டுறதுக்குள்ள விடை வந்துடுச்சு. ரெக்டிஃபை பண்ணி கெபாசிட்டர்ல நிரப்பினா 18 வோல்ட் 1.414 மடங்காகும், டையோடு இழப்பு போக 24. அதுல 12 ஆம்ப்ளிஃபையருக்கு, மீதி 12 வெறும் சூடு. ஒரு ஆம்பியர் ஓடினா 12 வாட்! ஹீட்சிங்க் இல்லாத 7812 ரெண்டு வாட்டுக்கே திணறும். கருகிப் போகாம, உள்ள இருக்குற வெப்பப் பாதுகாப்பால அது தானே அணைஞ்சிருக்கு. அசல் சரக்குதான். இதே கணக்கை செமஸ்டர்ல எழுதி மார்க் வாங்கினவன் நான்.

டிடிஏ 2003 எப்படியும் 18 வோல்ட் வரை ஓடும். 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு, ரெகுலேட்டரையே கழட்டிட்டேன். இப்போ ராத்திரி முழுக்கப் பாடுது.

அந்த ட்ரான்ஸ்ஃபார்மரை வேற கடையிலதான் வாங்கினேன். அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க வெக்கமா இருந்துச்சு.