கொல்லையில் ஒரு நாகலிங்கம்

பஸ் பொறையாறு தாண்டி நண்டலாற்றுப் பாலத்தில் ஏறியதும், தூங்கிக்கொண்டிருந்த இளவட்டங்கள் சட்டென்று விழித்துக்கொண்டால் காரைக்கால் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று பக்கம் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். ஆனால் ஊர் புதுச்சேரிக்குச் சொந்தம். தலைநகரம் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே!

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். நான் கையில் பிடித்தது இரண்டு, தலையில் பிடித்தது ஒன்று.

தலையைத் தடவிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனால், அங்கே வேறு கலாட்டா. அத்தான் கையில் கடப்பாரை!

"மாப்ளே, இந்தச் சனியன் மூணாவது தடவையா மொட்டையாயிடுச்சு. பிடுங்கிட்டு எலுமிச்சை வைக்கலாம்."

அக்கா பேசவில்லை. அம்மா காலமான வருஷம் அவள் நட்ட நாகலிங்கம் அது. என் இடுப்பு உயரம்கூட இல்லை.

நாகலிங்கம் நம்மூர்ச் சாமி மரம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். பூர்வீகம் தென் அமெரிக்கா. ஓப்லே என்ற பிரெஞ்சுக்காரர் 1775-ல் அதற்குத் தாவரவியல் பெயர் வைத்தபோது, காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. 2007-ல் புதுச்சேரியின் மாநில மலரே நாகலிங்கப் பூ என்று ஆகிவிட்டது. அதைப் போய் கடப்பாரையால்...?

பக்கத்துத் தெருவில் தோட்ட வேலை பார்க்கும் பெரியவரைக் கூட்டி வந்தேன். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"உசிரு இருக்கு தம்பி. இது இலையெல்லாம் கொட்டிட்டு மறுபடி துளுக்கிற ஜாதிதான். ஆனா இதைப் பாருங்க, ஓரமெல்லாம் கருகியிருக்கு. என்ன தண்ணி ஊத்துறீங்க?"

அத்தான் பெருமையாகச் சொன்னார்: "ஆர்.ஓ. மெஷின்ல வெளியே வர்ற தண்ணி. வீணாக்கக் கூடாதில்ல?"

கடலோர ஊர், போர்த் தண்ணீரே உப்பு. மெஷின் அந்த உப்பைப் பிரித்து எங்கே அனுப்பும்? கழிவுத் தண்ணீரில்தான். நான் பி.காம். என் பாஷையில் சொன்னால், அத்தான் டம்ளரிலிருந்து மரத்தின் கணக்குக்கு உப்பு டிரான்ஸ்ஃபர்! மண்ணில் உப்பு ஏறினால் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் வாடும்.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். அடித்தண்டை மூடிக் குவித்திருந்த மண்ணை விலக்கினார். நகராட்சிக் குழாய்த் தண்ணீரை மெதுவாக, உப்பு கீழே இறங்கும்படி நிறைய விடச் சொன்னார்; மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். சுற்றிலும் வைக்கோல் மூடாக்கு, தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. "யூரியா போடவா?" என்ற அத்தானுக்கு ஒரு முறைப்பு. நோயாளிக்கு யாராவது பிரியாணி கொடுப்பார்களா? தண்டை இறுக்கிக் கட்டியிருந்த கயிறும் அவிழ்ந்தது.

பாக்கியை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொண்டது. பொங்கலுக்குப் போனபோது முழங்கை நீளத்துக்குப் புதுக் கிளை, நுனியில் பளபளவென்று தளிர். பூக்க இன்னும் பல வருஷம் ஆகும். அதற்குள் வீட்டைவிட உயர்ந்துவிடும். நல்லவேளை, அக்கா சுவரிலிருந்து இருபதடி தள்ளித்தான் நட்டிருக்கிறாள்.

ஆர்.ஓ. தண்ணீர்? இப்போது அதில் பாத்ரூம் கழுவுகிறார்கள். கழுவுவது அத்தான்.