4,390 மீட்டர்

வி.சி.டி.யைக் கையில் தொட்டே பார்க்காத ஒரு தலைமுறை வந்துவிட்டது. அதனால் அதைப் பற்றி ரெண்டு வரி. பார்க்க சிடி மாதிரியேதான் இருக்கும். ஒரு தட்டில் 74 நிமிடப் படம் ஏறும். தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு, நீளமான படமென்றால் மூன்று. அகலம் 352 புள்ளி, உயரம் 288. இன்றைய டிவியில் போட்டால் சிவாஜியின் கன்னம் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படி 212 படங்கள் மதுரையில் எங்கள் வீட்டு பீரோவுக்கு மேல் மூன்று அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. எல்லாம் அப்பா டவுன்ஹால் ரோட்டில் வாங்கிச் சேர்த்தது. பிளேயர் செத்து நாலு வருஷம் ஆகிறது.

போன வருஷம் அப்பாவுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, அப்புறம் காலை மாத்திரை, சில நாள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். டாக்டர் நிறைய சொன்னார். அதில் நான் உடனே செய்ய முடிந்தது ஒன்றுதான்: அவருக்குப் பழகிய பாட்டையும் படத்தையும் கைக்கெட்டும்படி வைப்பது. ஓடிடியில் தேடிப் பார்த்தேன். அப்பாவின் 212-ல் பாதிகூட அங்கே இல்லை. இருக்கிறதும் இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. ஆக, வீட்டிலேயே ஒரு நூலகம். யாரோ கழித்துக்கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டர், 4 டிபி ஹார்ட் டிஸ்க், கோடி என்கிற இலவச மென்பொருள், டிவிக்கு ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள். செலவில் முக்கால்வாசி அந்த டிஸ்க்குக்குத்தான்.

வி.சி.டி.க்குப் பூட்டு கிடையாது. உள்ளே ஒரு ஃபோல்டரில் படம் மொத்தமும் ஒரே ஃபைலாக இருக்கும், அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளலாம். தட்டு நன்றாக இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் வீட்டுத் தட்டு எது நன்றாக இருந்திருக்கிறது? சாதாரண டேட்டா சிடியில் பிழை திருத்துவதற்கென்று கூடுதலாக ஒதுக்கிய இடம் உண்டு. வி.சி.டி.யில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் படம் துண்டு துண்டாகிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, மூன்று டிரைவ் மாற்றி மாற்றிப் போட்டு, எட்டு சனி ஞாயிறுகளில் 197 படங்களை மீட்டேன். பதினைந்து போயே போய்விட்டது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது 1931-ல். இன்றைக்கு அதன் ஒரு பிரதிகூடக் கிடையாது. அதோடு ஒப்பிட்டால் பதினைந்து வி.சி.டி. ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

ஃபைல் பெயரில் வருஷம் போட வேண்டும். 'பொல்லாதவன்' என்று மட்டும் வைத்தால் கோடிக்கு எது என்று தெரியாது. 1980 ரஜினி படத்துக்கு 2007 தனுஷ் போஸ்டரை மாட்டிவிட்டு நிற்கும். 'பில்லா'வுக்கும் இதே கதி. இதெல்லாம் ஒரே சாயங்காலத்தில் சரிசெய்யக்கூடிய தொல்லை.

சரிசெய்ய முடியாதது வரிசை. கோடி படங்களை இயக்குநர், வருஷம், வகை என்று அடுக்கிக் கொடுக்கிறது. அப்பா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைகளில் மேலும் கீழும் போனார், ஒன்றையும் தொடவில்லை. "சென்ட்ரல்ல பாத்தது எங்கம்மா இருக்கு?" என்றார். அவர் தலைக்குள் படங்கள் தியேட்டர் வாரியாகத்தான் இருக்கின்றன. சென்ட்ரல், சிந்தாமணி, இங்கிலீஷ் படத்துக்கு ரீகல், எல்லாவற்றுக்கும் மேலே தங்கம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் இன்னமும் சொல்லிக்கொள்கிற தங்கம். 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. கோடியில் நாமாக அடையாளச் சொல் சேர்க்க வழி உண்டு. ஒவ்வொரு படமாக அவரிடம் கேட்டுக் கேட்டு தியேட்டர் பெயரைப் போட்டேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதில் தடுமாறுகிறவர், எந்தப் படத்துக்கு யாரோடு போனார், பெஞ்சா சேரா என்று சொன்னார்.

சொன்னது சரிதானா என்று யாருக்குத் தெரியும்? அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. "உங்கப்பா வாய்க்கு வந்ததச் சொல்றாரு. நீயும் எழுதிக்கிட்டு கெட."

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெயர் வேண்டாம், வி.சி.டி. போட்ட கம்பெனிக்காரர் நன்றாக இருக்கட்டும். அப்பா முதல் பாட்டிலேயே முகத்தைச் சுளித்தார். "சுதி ஏறியிருக்கும்மா." கொஞ்ச நேரம் கழித்து, "இங்க ஒரு பாட்டு வரணும். மழை. அந்தப் பொண்ணு கையில கொடை இருக்கும், விரிக்க மாட்டா." பாட்டு வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் வயிற்றில் ஏதோ செய்தது. இதுவரை பொருட்கள்தான் தொலைந்துகொண்டிருந்தன. இப்போது இல்லாததெல்லாம் வர ஆரம்பித்துவிட்டதா?

அன்று இரவு கணக்குப் போட்டேன். சுதி விஷயம் சுலபம். தியேட்டரில் ஃபிலிம் ஓடுவது நொடிக்கு 24 ஃப்ரேம். நம் ஊர் டிவியின் முறை 25. மாற்றும்போது அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிட்டால் படம் நான்கு சதவீதம் வேகமாகும், குரலும் கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் மேலே ஏறும். எனக்குக் காதில் உறைக்கவே இல்லை. அப்பாவுக்கு உறைத்தது.

பாட்டுக்கு வழி, படத்தின் முதல் ஐந்து நொடியில் இருந்தது. சென்சார் சர்டிபிகேட். நாம் எல்லோரும் பாப்கார்னைப் பிரித்துக்கொண்டு பார்க்காமல் விடுகிற அந்த அட்டையில் படத்தின் நீளம் மீட்டரில் இருக்கும். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் இருந்தது மங்கல். முன்னால் 4,390. 35 எம்.எம். ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அதாவது 27.43 மீட்டர். வகுத்தால் 160 நிமிடம். 25 ஃப்ரேம் வேகத்தில் அது 153 நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல். எங்கள் இரண்டு தட்டுகளில் இருந்தது 71-ம் 68-ம், மொத்தம் 139.

பதினான்கு நிமிடத்துக்கு மேல் காணோம்.

ஏன் என்பது என் ஊகம்தான். இரண்டு தட்டில் 148 நிமிடம்தான் கொள்ளும். 153 என்றால் மூன்றாவது தட்டு, பெரிய டப்பா, விலை கூட. யாரோ ஒருவர் உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். வெட்டியதில் குடைப் பாட்டு இருந்தது என்று சர்டிபிகேட் சொல்லாது. ஆனால் மறுநாள் அதே இடத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்தேன். கதாநாயகி காய்ந்த புடவையில் வாசலைத் தாண்டுகிறாள், அடுத்த ஃப்ரேமில் கூடத்தில் நின்று ஈரத் தலையைத் துவட்டுகிறாள்.

காகிதத்தில் எழுதிய கணக்கை அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி தோசை போட்டுக்கொண்டே அப்பாவிடம், "அந்தக் கொடைய அவ கடேசி வரைக்கும் விரிக்கவே மாட்டாளா?" என்று கேட்டாள்.

"கடேசியில ஒரு ஆட்டுக்குட்டிக்கு விரிப்பா" என்றார்.

படத்தை 24-க்கு இறக்கி, சுதியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பாட்டைக் கொண்டுவர வழியில்லை. இணையத்தில் கிடைக்கிற பிரதியும் இதே வெட்டோடுதான் இருக்கிறது. அதனால் ஒரு சப்டைட்டில் ஃபைல் செய்தேன். ரொம்ப எளிய சமாச்சாரம் அது: ஒரு எண், ஆரம்பிக்கிற நேரம், முடிகிற நேரம், கீழே எழுத்து. படத்தின் பெயரையே வைத்து அதே ஃபோல்டரில் போட்டால் கோடி எடுத்துக்கொள்ளும். 54-வது நிமிடத்தில், அவள் தலை துவட்டுகிற இடத்தில், அப்பா சொல்லச் சொல்ல அடித்த நாலு வரி திரையின் கீழே வரும். மழை, குடை, ஆட்டுக்குட்டி, தங்கம் தியேட்டர். மீதி ஒன்பது பத்து நிமிடத்தில் என்ன இருந்தது என்று அவருக்கும் நினைவில்லை. கேட்டால், "வசனம்தான் இருந்திருக்கும், விடு" என்கிறார்.

அந்த நாலு வரிக்கு எட்டு நொடி விட்டிருந்தேன். வாசிச்சு முடிக்கறதுக்குள்ள போயிடுது என்றார். இருபதாக்கினேன்.