அம்பகரத்தூர் முதல் தரங்கம்பாடி வரை: ஒரு நாள் பயணம்

கேள்வி-பதில் பகுதிக்குக் கடலோரக் கிராமங்களிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: ‘போர் தண்ணீர் கரிக்கிறது. இன்னும் ஆழமாக இறக்கலாமா?’ பங்குனியில் என் சித்தப்பாவும் இதையே கேட்டார். குடியிருப்பது அம்பகரத்தூர். நிலம் திருமலைராயன்பட்டினம் பக்கம், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். போரை இறக்கக் கடன் வாங்கும் யோசனையில் இருந்தார்.

“நாளைக்கு ஒருநாள் என்கூட வாங்க சித்தப்பா, அப்புறம் பேசலாம்” என்றேன். உளுந்து அடித்து முடித்திருந்தார், ஒப்புக்கொண்டார். அவர் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு பைக்கில் கிளம்பினோம்.

முதலில் பத்ரகாளியம்மன் கோயில். அம்பரன் என்ற அசுரனைக் காளி வதம் செய்த இடம் என்பது தலவரலாறு. கும்பிட்டுவிட்டுக் கிழக்கே திருநள்ளாறு. எல்லோரும் சனீஸ்வரரைப் பார்க்க வருகிறார்கள். மூலவர் பெயரை யோசிப்பவர் குறைவு. தர்ப்பாரண்யேஸ்வரர், அதாவது தர்ப்பைக் காட்டு ஈசன். தலவிருட்சமும் தர்ப்பைதான். உவர் மண்ணையும் வறட்சியையும் தாங்கும் புல் அது. வயல் வரப்பில் தர்ப்பை தானாக மண்டினால் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள் என்பேன்.

அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் காரைக்கால். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அறுபத்துமூவரில் ஒருவரான காரைக்கால் அம்மையாருக்கு இங்கே தனிக்கோயில் உண்டு. ஆனிப் பௌர்ணமியில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்த நாளுக்கு வரலாம்.

நாங்கள் நேரே அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போனோம். ஒரு பக்கம் படகுகள், எதிரே கடல். கரையோரம் நடக்க நல்ல இடம். ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்த சித்தப்பா உடனே துப்பினார்.

“ஏன் தம்பி, காவிரித் தண்ணிதானே இது?”

“காவிரி வந்தால்தானே சித்தப்பா? மேலேயிருந்து தண்ணி தள்ளாதபோது கடல் உள்ளே ஏறிடும்.”

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். கோடையில் ஆற்றில் ஓட்டம் இருக்காது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் புகும்.

அடுத்து வடக்கே, நண்டலாற்றைத் தாண்டித் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு இங்கேதான் அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகங்கள் அச்சிட்டார். 1845-ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கரையில் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். சித்தப்பா நெடுநேரம் பேசாமல் நின்றார்.

அங்கே உட்கார்ந்துதான் பாட்டிலை எடுத்தேன். பையில் வைத்திருந்த உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தால், மின்கடத்து திறன் 3 டெசிசீமன்ஸைத் தாண்டியது. கடல் நீர் சுமார் 50 இருக்கும். ஆனால், பாசன நீரில் 3 என்பதே நெல்லுக்கு அதிகம்.

“கடலை ஒட்டிய நிலத்தடியில் நல்ல தண்ணி மேலே, உப்புத்தண்ணி கீழே. நல்ல தண்ணியை இழுக்க இழுக்க உப்புத்தண்ணி மேலே ஏறும். ஆற்றுல பார்த்தீங்களே, அதேதான் பூமிக்கடியிலும்” என்றேன்.

“அப்ப இறக்க வேணாங்கிற?”

“பக்கத்துப் போர் தண்ணியை எல்லாம் பரிசோதிக்காம இறக்க வேணாம். கடன் வாங்கி உப்பை மேலே கொண்டுவந்துடக்கூடாது.”

வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதியுங்கள். உவர் என்றதும் ஜிப்சம் மூட்டையைத் தேடாதீர்கள். அது களர் நிலத்துக்கு மருந்து. உவருக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் நீர் ஏறிய வயல்களில் படிந்த சேற்றை அகற்றி, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, கரைந்த உப்போடு வடித்தோம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். அப்படித்தான் அவை மறுபடி விளைந்தன. உங்கள் வடிகால் வாய்க்கால் தூர்ந்திருந்தால், போருக்கு வைத்த பணத்தில் முதலில் அதை வெட்டுங்கள்.

பங்குனி, சித்திரையில் வருபவர்கள் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள், வெயில் கடுமையாக இருக்கும். கூடவே உங்கள் போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் எடுத்து வாருங்கள். காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தில் பரிசோதனைக்கு விசாரிக்கலாம்.

சித்தப்பா போரை இறக்கவில்லை. இப்போது வடிகாலுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.