திரும்பும் இடம்

பயணம் என்பது வண்டியில் ஏறும் நாளில் தொடங்குகிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அது வீட்டு உணவு மேசையின்மேல் விரித்த நிலப்படத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைச் சென்ற குளிர்காலத்தில் அப்பாவிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

பிழைப்பின் பொருட்டு நாங்கள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் குடியிருக்கிறோம். பாலைவனம் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் கொதிக்கும் மணலே தோன்றும். கடல் மட்டத்திலிருந்து 1,100 அடி உயரமே உள்ள பீனிக்ஸுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் வடக்கே 230 கிலோமீட்டர் சென்றால் ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் ஊர் நம் கொடைக்கானலைப் போல ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே நியூ மெக்சிகோ வரை பரந்து கிடப்பது மேட்டுநிலப் பாலை. அங்கே மழை குறைவு, காற்று வறண்டது, பகலில் வெயில் கண்ணைக் கூசச் செய்யும், இரவிலோ நீர் உறைந்துவிடும்.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் அந்நிலத்தைக் காரில் சுற்றிவரத் திட்டமிட்டோம். நான்கே நாட்களில் கிராண்ட் கேன்யன், நவஹோ மக்களின் மண்ணிலுள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழங்குடியினர் கல்லால் எழுப்பிய சாக்கோ மாளிகைகள் ஆகியவற்றைக் கண்டுவிட்டு, டிசம்பர் 24 மாலை சாண்டா ஃபே நகரை அடைய வேண்டும். அன்றிரவு அந்நகரத்தார் காகிதப் பைகளில் மணல் இட்டு, நடுவே மெழுகுதிரி ஏற்றி, மதில்களிலும் தெருவோரங்களிலும் வரிசையாக வைப்பார்கள். அதைக் காணவேண்டும் என்பது பிள்ளைகளின் பேராவல்.

அப்பா ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தார். வயது 74. மூன்றாண்டுகளுக்கு முன் நெஞ்சுநோய் கண்டவர். உயரமும் குளிரும் அவருக்கு ஆகா என்று நாங்களே முடிவுகட்டி, பக்கத்து வீட்டாரிடம் அவரை ஒப்படைத்துச் செல்ல ஏற்பாடு செய்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாலை அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு எங்கள் திட்டத்தாளை எடுத்துப் படித்தார். முப்பது ஆண்டுகள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர்.

"தம்பி, போகும் இடமெல்லாம் எழுதியிருக்கிறாய். போக முடியாவிட்டால் எங்கே திரும்புவாய் என்பதை எழுதவில்லையே?" என்றார். சற்றுப் பொறுத்து, "என்னை விட்டுப் போவது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் என்னிடம் கேட்டிருக்கலாம்" என்றார்.

அன்றிரவு எங்கள் இருவருக்கும் உறக்கம் கொள்ளவில்லை.

மறுநாளே அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பரிசோதித்த மருத்துவர், "போகலாம். ஆனால் ஒரே மூச்சில் 7,000 அடி ஏறி அங்கே உறங்க வேண்டாம்; இடையில் ஓர் இரவு தங்குங்கள். நெஞ்சு இறுகினாலும் மூச்சு வாங்கினாலும் உடனே உதவி பெற்றுக் கீழே இறங்கிவிடுங்கள்" என்றார்.

பிறகு அப்பாவே திட்டத்தைத் திருத்தினார். முதலிரவு 4,300 அடி உயரமுள்ள செடோனாவில். செம்பாறைகளின் நடுவே 1956-இல் கட்டப்பட்ட திருச்சிலுவைச் சிற்றாலயம் அங்கே இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் வடகரைக்குச் செல்லும் சாலை குளிர்காலத்தில் மூடப்படுமாதலால் தென்கரை மட்டும். சாக்கோவுக்குச் செல்லும் வழியின் கடைசிப் பகுதி மண்பாதை. பனி உருகினால் சேறாகிவிடும் என்று அதை அடித்துவிட்டார். மானுமென்ட் பள்ளத்தாக்கும் நீங்கியது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் நான்கு மணிக்குள் விடுதி சேர வேண்டும். நான்கு நாட்கள் ஏழாயின; அவற்றுள் ஒன்று எந்த வேலையுமில்லாத வெற்று நாள்.

அவர் சொற்படியே பொருள்களைச் சேகரித்தோம். போர்வைகள், மண்வாரி, குடிநீர், ரொட்டி, கைவிளக்கு, காகித நிலப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். நெடுந்தூரம் கைப்பேசி இயங்காத இடங்கள் அங்கே உண்டு. கண்ணாடி கழுவும் நீரை, உறையாத வகையாக மாற்றினோம். குளிரில் டயரின் காற்றழுத்தம் குறையுமாதலால் நாள்தோறும் பார்ப்பது என்றும், பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். பாலத்தின்மேல் கூடுதல் கவனம் வேண்டும்; மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் சாலைக்கு முன்னரே பாலம் உறைந்துவிடும். பனியில் சிக்கிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். இல்லையேல் நச்சுவாயு வண்டிக்குள் புகுந்து உயிரைக் குடிக்கும்.

டிசம்பர் 20-ஆம் நாள் ஐவரும் புறப்பட்டோம். 23-ஆம் நாள் 6,500 அடி உயரத்திலுள்ள காலப் நகரை அடைந்தோம். அன்றிரவு பனி கொட்டியது. காலையில் சாலையும் வெளியும் ஒரே வெண்மையாயிருந்தன. சாண்டா ஃபே இன்னும் 320 கிலோமீட்டர். பிள்ளைகள் அழுதார்கள். மெதுவாகச் சென்றால் சேர்ந்துவிடலாம் என்று எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திட்டத்தாளை மட்டும் எடுத்து நீட்டினார். அதன் அடியில் அவருடைய பென்சில் எழுத்தில், "பனி பெய்தால் திரும்பும் இடம்: காலப்" என்றிருந்தது.

தங்கிவிட்டோம். மாலையில் விடுதிக்காரர் வாசலில் ஏழெட்டுக் காகிதப் பைகளில் மெழுகுதிரி ஏற்றி வைத்தார். பிள்ளைகள் அவற்றருகே குந்திக்கொண்டு, காற்றில் அணைந்தவற்றை மீண்டும் மீண்டும் ஏற்றினார்கள். இரவில் அவ்வூர்த் திரு இருதயப் பேராலயத்தில், முன்பின் அறியாத நவஹோ குடும்பங்களுக்கு நடுவே அமர்ந்து திருப்பலி கண்டோம். அப்பாவின் மூச்சு சீராக இருக்கிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தோம். அவர் அதைக் கண்டுகொண்டு புன்னகைத்தார். வெற்று நாளையும் அங்கேயே கழித்து, சாலை தெளிந்தபின் 26-ஆம் நாள் நலமாக வீடு திரும்பினோம்.

சாண்டா ஃபேயை இன்னும் பார்க்கவில்லை. அப்பா பிப்ரவரியில் ஊர் சென்றுவிட்டார். அந்தத் தாள் எங்கள் வண்டியிலேயே இருக்கிறது. அடுத்த குளிர்காலத்திற்கான திட்டத்தை எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதல் வரியை எழுதுமுன் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினோம்.