சாந்தோரினியின் கூடைக் கொடிகள்

ஏஜியன் கடலில் இருக்கும் கிரேக்கத் தீவு சாந்தோரினி. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே வெடித்த எரிமலை, மிஞ்சிய நிலத்தைச் சாம்பலாலும் நுரைக்கல்லாலும் மூடிவிட்டுப் போனது. அந்த மண்ணில் விளையும் அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையே தீவின் ஒயினுக்குப் பெயர் வாங்கித் தந்தது. மண்ணில் களிமண் ஏறக்குறைய இல்லை. அதனால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சிக்கு இங்கே பிழைக்க வழியில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான இடங்களில் அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டுக் கட்டித்தான் கொடி வளர்க்கிறார்கள். இங்கே கொடி சொந்த வேரிலேயே நிற்கிறது.

தோட்டம் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் தோட்டமே படாது. பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று கொடியை நிமிர விடாது. ஆகவே கிளைகளைத் தரையோடு தரையாக வளையம் போட்டுப் பின்னுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு சுற்றாக ஏறி அது கூடையாகிறது. குலைகள் உள்ளே ஒதுங்கிக்கொள்கின்றன. இதற்கு உள்ளூரில் 'குலூரா' என்று பெயர். மழை குறைந்த தீவு இது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் பிடித்துவைத்துக் கொடிக்குக் கொடுக்கிறது.

குளிர்காலக் கவாத்துதான் இத்தொழிலின் உயிர். எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது, ஒடியாமல் எவ்வளவு வளைப்பது என்பதைக் கொடிக்குக் கொடி குனிந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பல பத்தாண்டுகள் கழித்துக் கூடை தடித்து விளைச்சல் குறைந்தால், தரைமட்டத்தில் வெட்டிவிடுகிறார்கள். பழைய வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்புகிறது. ஆகஸ்டில் அறுவடை. கூடைக்குள் கைவிட்டுப் பறிக்க வேண்டியிருப்பதால் இயந்திரத்துக்கு வேலையில்லை.

ஆலையில் வெள்ளை ஒயினுக்கு வழக்கமாகப் பழத்தை உடனே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். சிலர் மட்டும் நசுக்கிய பழத்தைத் தோலோடு சில மணி நேரம் குளிரில் ஊறவிட்டுப் பிழிகிறார்கள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தோலோடு கிடக்கும் ஆரஞ்சு ஒயின் வேறு. இது அதிகம் போனால் ஒரு நாள் சங்கதி. மணம் தரும் பொருள்கள் பெரும்பாலும் தோலில் இருப்பதால் அவை சாற்றில் இறங்கும், மெல்லிய துவர்ப்பும் சேரும். நேரம் மீறினால் கசப்பு தட்டும். தோலிலிருந்து இறங்கும் பொட்டாசியம் டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து படிகமாகப் படிவதால் புளிப்பும் குறையும். நன்கு பழுத்த பிறகும் புளிப்பு மாறாத அசிர்டிகோவுக்கு அந்த இழப்பு பெரிதல்ல.

பிறகு ஈஸ்ட் சேர்க்காமல், பழத்திலும் ஆலையிலும் இயல்பாக உள்ள ஈஸ்டாலேயே நொதிக்கவிடுவதுண்டு. இப்படிச் செய்பவர்கள், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடையும் கூடியவரை குறைக்கிறார்கள். சர்க்கரை மிஞ்சாத வெள்ளை ஒயினில் ஐரோப்பிய ஒன்றியம் அதை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இப்படிச் சேர்மானங்களைத் தவிர்க்கும் முறையைத்தான் 'குறைந்த தலையீடு' என்கிறார்கள். ஆலைக்கு அது பொருந்தும், தோட்டத்துக்குப் பொருந்தாது. ஆண்டு முழுக்க மனிதக் கை படாத கூடை ஒன்றுகூட அங்கே இல்லை.

சாந்தோரினி ஒயினுக்கு 1971 முதல் சட்டப்படியான தோற்றப்பெயர்ப் பாதுகாப்பு உண்டு. கொடிக்கும் கவாத்துக்காரருக்கும் அப்படியொரு பாதுகாப்பு இல்லை. விடுதித் தொழில் நிலத்தையும் ஆளையும் இழுத்துக்கொள்கிறது. புதிதாக நடுபவர்களில் சிலர், வேலை எளிது என்பதால், கூடையை விட்டு வரிசை நடவுக்கு மாறிவருகிறார்கள்.